பகடைக்குக் கணக்குப் போட்ட முதல் ஆள், பகடையை விடமுடியாத ஆளும் அவரே! - கார்டானோவின் கதை

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போற ரோட்டுல, காடாம்புலியூர் பக்கம் டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டியிருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. பக்கத்துல ஒரு லாரி நிக்குது. லேசா குனிஞ்சு அதோட அடிப்பக்கத்தைப் பாருங்க. கியர் பாக்ஸ்ல இருந்து பின்பக்க அச்சு வரைக்கும் நீளமா ஓர் இரும்புத் தண்டு போகும். மெக்கானிக்குகள் அதை பிராப்பலர் ஷாஃப்ட்னு சொல்வாங்க. அதுல மூட்டு இருக்கிற இடம் கிராஸ். ரோடு குண்டும் குழியுமா இருந்தாலும் தண்டு உடையாம சுத்தறதுக்கு அந்த மூட்டுதான் காரணம்.

அந்தத் தண்டுக்கு இன்னொரு பேர் உண்டு, கார்டன் ஷாஃப்ட். தோட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. 500 வருஷத்துக்கு முன்னாடி இத்தாலியில வாழ்ந்த ஜிரோலாமோ கார்டானோங்கிற டாக்டரோட பேர் அது. ரீல்ஸ் எடுக்கும்போது கை ஆடினாலும் போன் ஆடாம பிடிச்சுக்கிற கிம்பல் இருக்கே, ஜெர்மன்லயும் பிரெஞ்சுலயும் அதுக்கும் இவர் பேரைத்தான் வெச்சிருக்காங்க. இத்தனைக்கும் ரெண்டையுமே அவர் கண்டுபிடிக்கலை. கிம்பல் மாதிரியான அமைப்பு அவருக்கு முன்னாடியே இருந்துச்சு. அவர் 1550-ல் வெளியான தன் புத்தகத்துல அதைப் பத்தி எழுதினார், பேர் ஒட்டிக்கிச்சு. அதிர்ஷ்டம்!

உண்மையிலேயே அவர்தான் முதல்ல செஞ்சார்னு சொல்லக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. அதுல அவருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கலை. அந்த வேலை, சூதாட்டத்துல ஜெயிக்க எத்தனைக்கு எத்தனை வாய்ப்புன்னு எண்ணிப் பார்த்தது. அவர் வாழ்ந்த கதையே அந்தக் கணக்குக்கு ஓர் உதாரணம் மாதிரி இருக்கும். கேளுங்க.

கார்டானோ 1501 செப்டம்பர் 24-ல் பவியா நகரத்தில் பிறந்தார். அப்பா ஃபாசியோ மிலன் நகரத்து வக்கீல். கணக்கிலும் புலி. லியனார்டோ டாவின்சியே வடிவியல் சந்தேகம் கேட்ட ஆள்னு சொல்வாங்க. அம்மாவும் அப்பாவும் அப்போ கல்யாணம் பண்ணிக்கலை. கர்ப்பத்தைக் கலைக்க அம்மா மருந்து சாப்பிட்டதை, பின்னாடி தன் சுயசரிதையில் கார்டானோ ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மருந்து பலிக்கலை. மிலனில் அப்போ பிளேக். அம்மாவோட மற்ற 3 பிள்ளைகளும் அதில் செத்துப்போனாங்க. வேண்டாம்னு நினைச்ச பிள்ளை மட்டும் தப்பிச்சது.

வளர்ந்து டாக்டருக்குப் படிக்கப் போனார். 1524-ல் அப்பா இறந்தார். கைக்கு வந்த கொஞ்சநஞ்ச சொத்தும் கரைஞ்சது. அப்புறம் அவருக்குச் சோறு போட்டது சீட்டும் சதுரங்கமும் பகடையும்தான். கூட ஆடினவங்களைவிட இவருக்கு வாய்ப்புக் கணக்கு கொஞ்சம் நல்லாத் தெரியும். அந்தக் கொஞ்சத்துலதான் பிழைப்பு ஓடுச்சு.

அந்த வயசுல வெனிஸ்ல நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆகணும். சினிமால வெச்சா நம்பமாட்டீங்க. மாதா பிறந்தநாள் விழா நேரம். ஒரு பெரிய மனிதர் வீட்டில் சீட்டாட்டம். முதல் நாள் கார்டானோ காசு, மோதிரம், போட்டிருந்த துணி வரைக்கும் தோற்றார். மறுநாள் ஆடும்போதுதான் சீட்டில் ரகசியக் குறி போட்டிருந்ததைக் கவனித்தார். கத்தியை உருவி வீட்டுக்காரர் முகத்தில் ஒரு கீறல், தோற்ற காசை அள்ளிக்கிட்டு ஓட்டம். ராத்திரி ஊரெல்லாம் ஒளிஞ்சு திரிஞ்சவர் கால் வழுக்கிக் கால்வாய்க்குள் விழுந்தார். அந்த வழியா வந்த படகுக்காரர்கள் தூக்கிவிட்டாங்க. ஏறிப் பார்த்தா, உள்ளே முகத்துல கட்டோட உட்கார்ந்திருக்கிறது அதே வீட்டுக்காரர்! அவர் அடிக்கலை. நனைஞ்சு நடுங்கினவருக்கு மாத்துத்துணி கொடுத்து, பதுவா வரைக்கும் கூடவே வந்தார். எதிரிக்கு ஏன் அப்படிக் கருணைன்னு தெரியலை. குறிபோட்ட சீட்டு விஷயம் வெளியே வரவேண்டாம்னு நினைச்சிருக்கலாம்னு எனக்குத் தோணுது.

1526 வாக்கில் டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆனா மிலன் மருத்துவர் சங்கம் அவரை உள்ளே விடலை. முறைப்படி கல்யாணமான தம்பதிக்குப் பிறக்கலைன்னு காரணம் சொன்னாங்க. கிராமத்தில் வைத்தியம் பார்த்தார். 1531-ல் லூசியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம் மனைவியோட நகை அடகுக்குப் போனது, வீட்டுச் சாமான் போனது, கடைசியில் குடும்பமே மிலன் நகரத்து ஏழைகள் விடுதிக்குப் போனது. வாய்ப்புக் கணக்கு தெரிஞ்ச ஆளோட நிலைமைதான் இது! அவரே தன் சுயசரிதையில் சதுரங்கம் 40 வருஷத்துக்கு மேல, பகடை சுமார் 25 வருஷம் ஆடினதாகவும், அதில் மானமும் நேரமும் பணமும் போனதாகவும் எழுதியிருக்கிறார்.

1534-ல் அப்பா பார்த்த கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. 1539-ல் மருத்துவர் சங்கமும் கதவைத் திறந்தது. 1545-ல் அவர் எழுதிய அல்ஜீப்ரா புத்தகம் ஐரோப்பா முழுக்கப் பேரைக் கொண்டுபோச்சு. முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியை தார்த்தாலியாங்கிற கணிதக்காரர் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுச் சொல்ல, கார்டானோ அதைப் புத்தகத்துல போட்டுட்டார்னு பெரிய சண்டை. அது தனிக்கதை, இங்க வேண்டாம்.

நமக்கு வேண்டியது அவர் பல வருஷமா எழுதி, திருத்தி, அச்சுக்குக் கொடுக்காமலே வெச்சிருந்த இன்னொரு கையெழுத்துப் பிரதி. பகடையாட்டம் பத்தின புத்தகம்.

பகடை அவருக்கு முன்னாடியும் உலகம் பூரா இருந்துச்சு. நம்ம தென்னாற்காடு பக்கத்துல திரௌபதி அம்மன் திருவிழாவுல விடிய விடிய நடக்கிற பகடை துகில் கூத்து பார்த்திருப்பீங்க. தர்மர் ஒவ்வொண்ணா வெச்சுத் தோப்பார். நாடு, தம்பிமார், தன்னையே, கடைசியில பாஞ்சாலி. பார்க்கிற எல்லாருக்கும் விதி, சகுனி, மாயம்னுதான் தோணும். ஆறு விழ எத்தனைக்கு எத்தனை வாய்ப்புன்னு யாரும் எண்ண மாட்டோம். ஐரோப்பாவுலயும் அப்படித்தான். கார்டானோ உட்கார்ந்து எண்ணினார்.

ஒரு பகடைன்னா 6 விதமா விழலாம். ரெண்டுன்னா 36 விதம். மூணுன்னா 216. இந்த மொத்தத்துக்கு அவர் 'சுற்று'ன்னு பேர் வெச்சார். நமக்கு வேண்டியது அதுல எத்தனை தடவை வருதோ அதுதான் நம்ம வாய்ப்பு. ரெண்டு பகடையில கூட்டுத்தொகை 7 வர 6 வழி இருக்கு, 12 வர ஒரே வழி. ஒண்ணும் ரெண்டும் விழறது வேற, ரெண்டும் ஒண்ணும் விழறது வேறன்னு தனித்தனியா எண்ணணும்கிறதையும் சரியாப் பிடிச்சார். இப்போ பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்கிற விஷயம்தான். யாரும் சொல்லித்தராம முதல்ல பிடிக்கிறது வேற.

ஆனா அவரே சறுக்கின இடமும் உண்டு. நீங்களும் முயற்சி பண்ணுங்க. ஒரு பகடையை எத்தனை தடவை உருட்டினா, ஒரு தடவையாவது ஆறு விழும்னு சரிபாதி நம்பிக்கையோட பந்தயம் கட்டலாம்?

மூணுன்னு சொன்னீங்களா? கார்டானோவும் முதல்ல அதைத்தான் சொன்னார். ஆறு பக்கத்துல பாதி மூணு, சரிதானேன்னு தோணும். தப்பு. மூணு தடவை உருட்டினா மொத்தம் 216 விதமா விழலாம். அதுல ஆறே வராதது 125. ஒரு தடவையாவது ஆறு வர்றது 91 மட்டும்தான். அதாவது 42 சதவிகிதம். நாலு தடவை உருட்டினாத்தான் பாதியைத் தாண்டும்: 1,296-ல் 671. ரெண்டு பகடையில ரெண்டும் ஆறா விழ 18 தடவை போதும்னு அவர் கணக்கு. நிஜத்துல 25 வேணும்.

பின்னாடி வர்ற அத்தியாயங்கள்ல அவரே தடுமாறித் தடுமாறிச் சரியான வழிக்கு வந்துட்டார். அடுத்தடுத்த தடவைகளோட வாய்ப்பைக் கூட்டக்கூடாது, பெருக்கணும்னு கண்டுபிடிச்சார். ஆனா பழைய தப்பை அடிக்கலை. தப்பும் சரியும் ஒரே புத்தகத்துல பக்கத்துப் பக்கமா இருக்கு. எனக்கு அந்தப் புத்தகத்துல பிடிச்ச விஷயமே அதுதான்.

இதைவிட முக்கியமான ஒண்ணையும் அவர் மோந்து பார்த்துட்டார். பத்து தடவை உருட்டினா என்ன வேணா நடக்கும். உருட்டிக்கிட்டே போனா, கணக்கு சொன்ன சராசரியை நோக்கித்தான் போகும். இதை ஜேக்கப் பெர்னூலி முறையா நிரூபிச்சு, அது அச்சுல வந்தது 1713-ல். அதுவும் பெர்னூலி இறந்து 8 வருஷம் கழிச்சு.

இங்கதான் உங்க கையில இருக்கிற போனுக்கு வர்றோம். ரம்மி ஆப், பந்தய ஆப்னு நம்ம வயசுக்காரங்க நிறைய பேர் பார்த்தாச்சு. தமிழ்நாட்டுல அரசே 1968-ல் லாட்டரி நடத்த ஆரம்பிச்சு, 2003-ல் லாட்டரிக்கே தடை வந்துச்சு. ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2022-ல் தமிழ்நாடு சட்டம் போட்டுச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றமே காசு வெச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டுக்குத் தடை போட்டுச்சு. சட்டம் ஒருபக்கம். ஆனா எல்லா ஆட்டக்காரர் மண்டைக்குள்ளயும் ஓடுற ஒரு நம்பிக்கை இருக்கே: இவ்வளவு தோத்தாச்சு, சராசரின்னு ஒண்ணு இருக்குல்ல, இனிமே வந்துதானே ஆகணும்! அதைச் சட்டத்தால தடைபண்ண முடியாது.

அந்த நம்பிக்கைதான் சராசரியைத் தலைகீழாப் புரிஞ்சுக்கிறது. காசு சுண்டிப் பாருங்க. 100 தடவை சுண்டினா தலைக்கும் பூவுக்கும் 10 வித்தியாசம் வர்றது சகஜம். 55-க்கு 45. இப்போ 10,000 தடவை சுண்டுங்க. வித்தியாசம் குறையும்னு நினைப்பீங்க. குறையாது, கூடும்! 100 வித்தியாசம் வர்றது சகஜம். 5,050-க்கு 4,950. ஆனா சதவிகிதத்துல பார்த்தா 50.5. கிட்டத்தட்ட பாதி. புரியுதா? ஆரம்பத்துல நீங்க தோத்த பத்தை நாணயம் திருப்பித் தரவே இல்லை. அதுக்கு மேல ஆயிரக்கணக்குல சுண்டினதுல அந்தப் பத்து கரைஞ்சு கண்ணுக்குத் தெரியாமப் போச்சு, அவ்வளவுதான். சராசரி யாருக்கும் கடன்பட்டது கிடையாது.

இது நியாயமான நாணயத்துல. ஆட்டத்தை நடத்தறவர் கமிஷன் எடுக்கிற இடத்துல? ஒரு விளையாட்டு: 10 ரூபா கட்டி பகடை உருட்டணும், ஆறு விழுந்தா 50 ரூபா. ஆறு தடவைக்கு 60 கட்டுவீங்க, சராசரியா 50 வரும். ஒரு தடவைக்கு 1 ரூபா 67 காசு நஷ்டம். நூறு தடவை ஆடினா எதிர்பார்க்கிற நஷ்டம் 167 ரூபா. ஆனா நூறு தடவைங்கிறது சின்ன எண். ஆடினவங்கள்ல சுமார் அஞ்சு பேருக்கு ஒருத்தர் நஷ்டமில்லாம எழுந்திருப்பார். அவர்தான் வாட்ஸ்அப்ல ஸ்கிரீன்ஷாட் போடுவார். அதே ஆளு விடாம 10,000 தடவை ஆடினா? சுமார் 16,700 ரூபா போகும். லாபத்தோட எழுந்திருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரே ராத்திரியில அதிர்ஷ்டம் உங்க பக்கம் இருக்கலாம். நடத்தறவர் ஒரே நேரத்துல லட்சம் பேரோட ஆடுறார். நீங்க ஆடுறது அதிர்ஷ்டத்தோட, அவர் ஆடுறது சராசரியோட.

கார்டானோவுக்கு இதெல்லாம் நம்மளவிட நல்லாவே தெரியும். ஆடாம இருக்கிறதுதான் ஆட்டத்துல கிடைக்கிற பெரிய லாபம்கிற அர்த்தத்துல அவரே எழுதி வெச்சிருக்கார். சூதாட்டத்தை ஒரு நோயாப் பார்த்தவர் அந்த டாக்டர். ஆனாலும் கணக்குக்கு மாறா ஒருத்தருக்கு ஜெயம் மேல ஜெயமா வந்தா, அது அந்த ஆளோட அதிர்ஷ்டம், ஒரு தனி சக்தின்னு நம்பினார். கனவு, தாயத்து, ஜோசியம், தன்னைக் காக்கிற ஆவி, எல்லாத்தையும் நம்பினார். ஒரே மண்டைக்குள்ள ரெண்டு ஆள்!

1552-ல் ஸ்காட்லாந்துலேர்ந்து அழைப்பு. அங்கே பேராயர் ஜான் ஹாமில்டனுக்குப் பத்து வருஷ ஆஸ்துமா. போனார், கூடவே இருந்து கவனித்தார், இறகு அடைச்ச மெத்தையைத் தூக்கச் சொன்னார். பேராயர் தேறினார், கைநிறையப் பொன் கொடுத்தார். கவனிச்சுப் பார்த்து முடிவெடுக்கிற கார்டானோ இவர். திரும்பும் வழியில் லண்டனில் இளவயசு ராஜா ஆறாம் எட்வர்டைச் சந்தித்து ஜாதகம் கணித்தார். ஐம்பது வயசைத் தாண்டி வாழ்வார்னு எழுதினார். அடுத்த வருஷமே, 15 வயசுல ராஜா போய்ச் சேர்ந்தார். கார்டானோ அசரலை. ஏன் தப்பாச்சுன்னு விளக்கம் எழுதினார். தோத்த ஆட்டத்துக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும்ல!

புகழ் உச்சியில் இருந்தப்போதான் வீட்டுக்குள்ள இடி விழுந்தது. மூத்த பையன் ஜியாம்பத்திஸ்தா, அவனும் டாக்டர். அப்பாவுக்குச் சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டான். சண்டையும் அவமானமுமா போன அந்த வாழ்க்கை, மனைவிக்கு விஷம் வெச்சுக் கொன்னதுல முடிஞ்சது. ஊர் உலகத்துல எத்தனையோ பேரைப் பிழைக்க வெச்ச அப்பாவால இவனைக் காப்பாத்த முடியலை. 1560 ஏப்ரலில் தலையை வெட்டினாங்க. வயசு 26 தாண்டலை. கார்டானோ அதுக்கப்புறம் பழைய ஆளே இல்லை.

சராசரிக்கணக்கு இந்த இடத்துல வாயடைச்சுப் போகும். அதுக்கு ஆயிரம் தடவை உருட்டணும். பிள்ளையோ ஒரு தடவைதான். இதை காடாம்புலியூர், பண்ருட்டி பக்கத்து முந்திரி விவசாயிகள்கிட்ட விளக்கவே வேண்டாம். ஒரு வருஷம் பூ எடுக்கும்போது மழை கெடுக்கும், ஒரு வருஷம் நல்லா காய்க்கும், பத்து வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தா தோப்பு சோறு போடும். இது சராசரி. 2011 டிசம்பர் 30 விடியக்காலை தானே புயல் வந்துச்சு. பல வருஷம் வளர்ந்த மரங்கள் ஒரே நாள்ல வேரோட சாய்ஞ்சுது. அடுத்த வருஷம் சராசரி வந்து சரிபண்ணும்னு காத்திருக்க, மரமே இல்லை. புதுக்கன்னு வெச்சுக் காய்க்க வருஷக்கணக்காச்சு. சராசரி வேலை செய்யணும்னா, ஆட்டத்துல நீங்க மிச்சமிருக்கணும். சூதாடுறவருக்குப் பணப்பை காலியான நிமிஷமே புயல்தான். மீதி 9,000 தடவை உருட்ட அவர்கிட்ட காசு இருக்காது. முந்திரிக்காரர் மேல புயல் தானா வந்து விழுந்துச்சு, சூதாடுறவர் அதைத் தேடிப் போறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

சின்ன மகன் ஆல்டோ அப்பாவோட ஒரு குணத்தை மட்டும் முழுசா எடுத்துக்கிட்டான். சூது. கையில இருந்ததை எல்லாம் தோத்துட்டு அப்பா வீட்டுலயே திருடினான். அப்போ கார்டானோ பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். 1569-ல் அவரே அதிகாரிகள்கிட்ட மகனைக் காட்டிக்கொடுத்தார். ஊரைவிட்டே துரத்தினாங்க. முகம் கிழிச்சு, கால்வாயில விழுந்து, மனைவி நகையை அடகு வெச்ச ஒரு ஆள், வயசான காலத்துல அதே வியாதியைப் பிள்ளைகிட்ட பார்க்கிறது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அடுத்த வருஷம் மதக் குற்ற விசாரணையில் அவரைச் சிறையில் போட்டாங்க. இயேசுவுக்கே ஜாதகம் எழுதினார்ங்கிறது அவர்மேல இருந்த புகார்கள்ல ஒண்ணு. சில மாசத்துல வெளியே வந்தார், பேராசிரியர் வேலை போச்சு. ரோமுக்குப் போனார். அதே திருச்சபையோட தலைவரான போப் அவருக்கு உதவித்தொகை கொடுத்தார்! அங்கே உட்கார்ந்துதான் சுயசரிதையை எழுதினார். நல்லது, கெட்டது, உடம்பு, நோய், சாப்பாடு, சூது, எதையும் மறைக்கலை.

1576 செப்டம்பர் 21-ல் இறந்தார். 75 முடிய 3 நாள் பாக்கி. தன் சாவு நாளைத் தானே ஜோசியத்துல கணிச்சு, அது பொய்க்கக்கூடாதுன்னு பட்டினி கிடந்து செத்தார்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. ஆதாரம் கிடையாது. ஆனா அவரைத் தெரிஞ்சவங்க அதை ஏன் நம்பினாங்கன்னு புரியுது.

பகடைப் புத்தகம் பெட்டிக்குள்ளயே கிடந்தது. 1654-ல் பிரான்ஸ்ல பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒரு சூதாட்டச் சந்தேகத்தைப் பத்திக் கடிதம் எழுதிக்கிட்டாங்க. வாய்ப்புக் கணக்கு அங்கதான் பிறந்துச்சுன்னு உலகம் எழுதி வெச்சுக்கிச்சு. 1657-ல் ஹைகன்ஸ் இது பத்தித் தனிப் புத்தகமே போட்டுட்டார். கார்டானோவோட கையெழுத்துப் பிரதி அச்சுக்கு வந்தது 1663-ல், அவர் இறந்து 87 வருஷம் கழிச்சு. லியோன் நகரத்துல அவரோட மொத்த எழுத்தையும் 10 பெரிய தொகுதியாப் போட்டப்போ, முதல் தொகுதியில சுமார் 15 பக்கத்துக்கு அதையும் சேர்த்திருந்தாங்க.